ரோமாபுரியின் ரேஷன் பட்டியல்

கலசப்பாக்கத்தில் அந்தியோதயா அட்டை வைத்திருக்கும் குடும்பத்துக்கு மாதம் 35 கிலோ அரிசி. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ரோமாபுரியில், பட்டியலில் பெயர் இருந்தவருக்கு மாதம் 5 மோடியஸ் கோதுமை. இன்றைய எடையில் அது ஏறக்குறைய 33 கிலோ!

கி.மு. 123-இல் கையஸ் கிராக்கஸ் என்ற ரோமானியத் தலைவர் மலிவு விலைத் தானியத்துக்குச் சட்டம் கொண்டுவந்தார். கி.மு. 58-இல் கிளோடியஸ் என்ற இன்னொரு தலைவர் அதை இலவசமாக்கினார். அந்த நகரத்து ஏழைக்கு இன்னொரு வழியும் இருந்தது. விடியும் முன்பே செல்வந்தர் வீட்டு வாசலுக்குப் போய்க் கும்பிடு போட வேண்டும். கொஞ்சம் உணவோ காசோ கிடைக்கும். பதிலுக்கு அவர் தெருவில் போகும்போது கூடவே நடக்க வேண்டும், தேர்தலில் அவர் கைகாட்டியவருக்கு ஓட்டுப் போட வேண்டும். பட்டியல் தானியத்துக்கோ யார் வாசலிலும் நிற்க வேண்டியதில்லை. ரோமாபுரி கட்டிய கோட்டைகளைவிட எனக்கு இதுவே பெரிதாகப் படுகிறது.

ஆனால் பட்டியல் என்று வந்தால் பேனா யார் கையில் என்ற கேள்வியும் வரும். ஜூலியஸ் சீசர் தெருத் தெருவாக, வீட்டு உரிமையாளர்கள் மூலம் கணக்கெடுத்தார். 3,20,000 பெயர்கள் 1,50,000 ஆகச் சுருங்கின. பட்டியலில் ஒருவர் இறந்தால், வெளியே நிற்பவர்களில் ஒருவரைச் சீட்டுக் குலுக்கி எடுத்தார்கள். பசி குலுக்கலில் தீர்ந்தது என்பதை நினைத்தாலே நெஞ்சு கனக்கிறது.

நம் நாட்டில் 1997-இல் மத்திய அரசு வறுமைக்கோட்டுக்கு மேலே, கீழே என்று அட்டைகளைப் பிரித்தபோது தமிழ்நாடு எல்லோருக்கும் அரிசி என்பதில் உறுதியாக நின்றது. 2011 ஜூன் முதல் அது விலையில்லா அரிசி. கோடு போட்டால் தகுதியுள்ள சிலர் வெளியே விழுவார்கள். கோடு போடுகிறவர் வாசலில் கூட்டம் சேரும். இங்கே கடைக்காரர் எடை குறைத்தால் சண்டை போடலாம். ரோமாபுரியின் செல்வந்தரிடம் யார் சண்டை போட முடியும்?

கலசப்பாக்கத்தை அடுத்த ஜவ்வாது மலைக்கு இன்னும் ஒன்று செய்ய வேண்டியிருக்கிறது. அந்த மலையின் தானியம் சாமை. கடையில் கிடைப்பதோ அரிசி. 2023 முதல் தர்மபுரி, நீலகிரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தருகிறார்கள். ஜவ்வாது மலையிலுள்ள ஜமுனாமரத்தூர்ப் பக்கத்துக் கடைகளில் அதேபோல் சாமையைத் தரலாம். விளைவிப்பவரும் வாங்குபவரும் ஒரே மலையில்தான் இருக்கிறார்கள்.