உறைபனியில் ஒரு திராட்சை அறுவடை

விடிவதற்கு முன் எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போகும் வேலை உங்கள் குடும்பங்களுக்குப் புதிதன்று. வெயில் ஏறினால் ரப்பர் மரத்தில் பால் ஓட்டம் குறைந்துவிடும். ஆகவே குளிர்ந்த வேளையிலேயே மரம் வெட்டியாக வேண்டும். உங்களில் பலர் இன்று செம்பனைத் தோட்டத்திலோ பட்டணத்துத் தொழிற்சாலையிலோ வேலை செய்யலாம். என்றாலும் அந்த இருட்டையும் கொசுக்கடியையும் தாத்தா பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

அதேபோல் நெற்றி விளக்குடன் இருட்டில் வேலைக்குப் போகிறவர்கள் கனடா நாட்டிலும் இருக்கிறார்கள். ஒண்டாரியோ மாநிலத்தின் நயாகரா வட்டாரத்தில், கொட்டும் பனியில், நள்ளிரவில் அவர்கள் பறிப்பது திராட்சை. அதுவும் கோலிக்குண்டு போலக் கல்லாய் உறைந்த திராட்சை! அதன் சாற்றிலிருந்து ‘ஐஸ்வைன்’ என்னும் இனிப்பு மதுவைச் செய்கிறார்கள்.

குடி எத்தனை குடும்பங்களைக் கெடுத்தது என்பதை உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மதுவின் ருசியைக் குடிப்பவர்களிடம் விட்டுவிட்டு, அந்தத் தோட்டத்தின் பயிரையும் பாட்டையும் மட்டும் பார்ப்போம், வாருங்கள்.

ஏரி காக்கும் மண்

நயாகரா என்றதும் நீர்வீழ்ச்சிதான் நினைவுக்கு வரும். அதற்குப் பக்கத்திலேயே திராட்சைத் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. வடக்கே ஒண்டாரியோ ஏரி, தெற்கே நீண்ட பாறைச் சரிவு. கோடையின் சூட்டை ஏரி தனக்குள் சேர்த்து வைத்துக்கொள்கிறது. இலையுதிர் காலத்தில் அந்தச் சூட்டை மெதுவாக வெளியே விடுகிறது. பழம் முற்றக் கூடுதலாகச் சில வாரங்கள் கிடைக்கின்றன. வசந்த காலத்திலோ ஏரி இன்னும் குளிர்ந்தே இருக்கும். அதனால் கொடி அவசரப்பட்டுத் துளிர்ப்பதில்லை. பின்பனியில் தளிர் கருகும் ஆபத்து குறைகிறது. ஏரி இல்லையென்றால் அந்தக் குளிர் நாட்டில் திராட்சை பிழைப்பது கடினம்.

குளிர் செய்யும் வேலை

மற்றத் திராட்சைகளைச் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் பறித்துவிடுவார்கள். ஐஸ்வைனுக்கென ஒதுக்கிய நிரைகளை மட்டும் அப்படியே விட்டுவிட்டு, வலை போட்டு மூடிவைப்பார்கள். இலைகள் உதிரும். பனி விழும். பழம் சுருங்கி, தோல் பழுப்பேறும். தோட்டக்காரர் தினமும் வெப்பமானியைப் பார்த்துக் காத்திருப்பார்.

எதற்காக? பூச்சியத்திற்குக் கீழே 8 பாகை செல்சியஸ் வரை குளிர் இறங்க வேண்டும். அதற்கு முன் பறித்தால் அந்தப் பெயரைப் போட்டு விற்க ஒண்டாரியோவில் சட்டம் இடம் தராது. கேமரன் மலைக்குப் போனாலே நாம் கம்பளி தேடுகிறோம். அங்கேகூடத் தண்ணீர் உறைவதில்லை. இந்தக் குளிர் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!

அந்த இரவு டிசம்பரிலும் வரலாம், ஜனவரியிலும் வரலாம். வந்துவிட்டால் உடனே ஆட்களைக் கூப்பிட வேண்டும். வெயில் எழுந்து பழம் இளகுவதற்குள் பறித்து, உறைந்தது உறைந்தபடியே பிழிந்தாக வேண்டும். கையுறை தடித்தால் குலையைப் பிடிக்க வராது. மெலிந்தால் விரல் மரத்துப்போகும். பெரிய தோட்டங்கள் பலவற்றில் இப்போது இயந்திரம் பறிக்கிறது. சிறிய தோட்டங்களில் இன்னும் கைதான் பறிக்கிறது.

பழத்திலுள்ள தண்ணீர் பனிக்கட்டியாகிவிடும், சர்க்கரை உறையாது. அழுத்திப் பிழியும்போது கட்டி உள்ளேயே தங்கிவிட, தேன் போன்ற சாறு மட்டும் சொட்டுச் சொட்டாக இறங்கும். அந்தச் சாற்றில் ஏறக்குறைய 35 விழுக்காடாவது சர்க்கரை இருக்க வேண்டும் என்பது விதி. கரும்புச் சாற்றைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு இனிப்பு!

ஆனால் அளவு மிகச் சொற்பம். அதே பழத்தை இலையுதிர் காலத்தில் பிழிந்தால் கிடைப்பதில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அதனால்தான் 375 மில்லிலிட்டர் கொண்ட சின்னப் புட்டியில் அடைத்துப் பெரிய விலைக்கு விற்கிறார்கள். பழத்தைக் குளிர்பெட்டியில் வைத்து உறைய விட்டால் வேலை சுலபமாயிற்றே என்று கேட்பீர்கள். அதற்கு அனுமதியில்லை. கொடியில் தொங்கும்போதே இயற்கைக் குளிரில் உறைந்திருக்க வேண்டும்.

பறவைகள் தின்ற விளைச்சல்

இந்த வித்தை கனடாவில் பிறந்ததன்று, ஜெர்மனியிலிருந்து வந்தது. 1829 ஆம் ஆண்டு விளைச்சல் மோசமாக இருந்ததால், டிரோமர்ஸ்ஹைம் என்னும் ஊரில் பழத்தைப் பறிக்காமலே விட்டுவிட்டார்களாம். 1830 பிப்ரவரியில் மாட்டுத் தீவனத்திற்காவது ஆகுமென்று பறித்தபோதுதான், அதன் சாறு தேனாய் இனிப்பதைக் கண்டார்கள் என்று சொல்லுவார்கள்.

நயாகராவில் 1975 ஆம் ஆண்டு இருவர் கூட்டுச் சேர்ந்து ‘இன்னிஸ்கிலின்’ என்னும் சிறிய மதுச்சாலையைத் தொடங்கினார்கள். ஒருவர் ஆஸ்திரியாவிலிருந்து வந்த கார்ல் கைசர். மற்றவர் நாற்றுப்பண்ணை நடத்திய டொனால்ட் சிரால்டோ. 1983 இல் ஐஸ்வைனுக்கென்று பழங்களைக் கொடியிலேயே விட்டுவைத்தார்கள். பறவைகள் வந்து முழுவதையும் தின்று தீர்த்தன! அவ்வளவு நாள் காத்ததும் வீணாயிற்று.

அவர்கள் கைவிடவில்லை. 1984 இல் வலை போட்டு மூடினார்கள். பழம் தப்பியது, முயற்சி பலித்தது. அவர்களுடைய 1989 ஆம் ஆண்டு ஐஸ்வைன், 1991 இல் பிரான்சின் போர்தோ நகரில் நடந்த ‘வின்எக்ஸ்போ’ கண்காட்சியில் உயர்ந்த விருதைப் பெற்றது. அதற்குப் பிறகுதான் உலகம் நயாகராவைத் திரும்பிப் பார்த்தது. அந்தச் சிறிய மதுச்சாலை பிற்காலத்தில் பெரிய நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது.

கொடியை வளர்க்கும் கைகள்

விருதைப் பற்றிப் பேசும்போது, கொடியை வளர்க்கும் கைகளையும் நினைக்க வேண்டுமல்லவா? நயாகராத் தோட்டங்களில் கிளை கழிப்பது, கொடியைக் கம்பியில் கட்டுவது, இலை கிள்ளுவது போன்ற வேலைகளை வெளிநாட்டிலிருந்து வரும் தொழிலாளர்கள் பலர் செய்கிறார்கள். 1966 இல் ஜமைக்காவிலிருந்து 264 பேருடன் தொடங்கியது இந்தப் பருவத் தொழிலாளர் திட்டம். 1974 இல் மெக்சிகோவும் சேர்ந்தது.

ஆண்டில் 8 மாதத்திற்கு மேல் அவர்கள் தங்க முடியாது. மனைவி மக்களை அழைத்துவர வழியில்லை. முதலாளியை நினைத்தபடி மாற்றிக்கொள்ளவும் முடியாது. தோட்டத்தார் காட்டும் இடத்தில் தங்கி, வேலை செய்து, ஊருக்குப் பணம் அனுப்புகிறார்கள். இதைப் படிக்கும்போது உங்கள் பாட்டன் பூட்டன் கப்பலேறி வந்த கதை நினைவுக்கு வருகிறதல்லவா?

இன்னொன்றையும் கேளுங்கள். டிசம்பர் 15 ஆம் தேதிக்குள் அவர்கள் நாடு திரும்பியாக வேண்டும். பல ஆண்டுகளில் அந்த உறைபனி இரவு அதற்குப் பிறகுதான் வருகிறது. வசந்தத்தில் கொடியைக் கட்டிய கைக்கு, அந்தப் பழத்தைப் பறிக்கக் கொடுத்து வைப்பதில்லை.

குளிர் பொய்த்தால்

மழை பொய்த்தால் நெல் இல்லை. குளிர் பொய்த்தால் ஐஸ்வைன் இல்லை. ஜெர்மனியில் 2019 ஆம் ஆண்டு விளைச்சலுக்கு அதுதான் நேர்ந்தது. குளிர்காலம் முழுதும் காத்திருந்தும் எந்த வட்டாரத்திலும் போதிய குளிர் இறங்கவில்லை. நாடு முழுவதிலும் ஓர் இடத்தில்கூட ஐஸ்வைன் அறுவடை நடக்காதது அதுவே முதல் முறை என்று 2020 இல் அறிவித்தார்கள். பூமி சூடாவதன் விளைவு இது.

குளிர் மிஞ்சினாலும் கேடுதான். கனடாவின் மேற்கே, பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஒக்கனாகன் பள்ளத்தாக்கில் 2024 ஜனவரியில் திடீரென்று கடுங்குளிர் இறங்கியது. கொடிகளின் மொட்டுகள் உள்ளுக்குள்ளேயே செத்துப்போயின. அந்த ஆண்டு விளைச்சல் அநேகமாக முழுவதும் போயிற்று. பல இடங்களில் கொடிகளே பட்டுப்போயின.

விடியற்காலை மழை பிடித்துக்கொண்டால் மரம் வெட்ட முடியாது. அன்றைய சம்பளம் போச்சு என்று வானத்தைப் பார்த்து நின்ற அனுபவம் உங்களில் பலருக்கு உண்டு. அங்கேயும் வெப்பமானியைப் பார்த்து அப்படித்தான் நிற்கிறார்கள். கண்ணாடி அலமாரியில் அந்தச் சின்னப் புட்டியைக் காண்பவர்கள் அதன் விலையைப் பார்த்து வியந்துவிட்டுப் போவார்கள். அதற்குப் பின்னால் ஒரு வருட உழைப்பும், உறக்கமில்லாத ஓர் இரவும் இருப்பதைச் சொல்லாமலே புரிந்துகொள்ளக் கூடியவர்கள் நீங்கள்.