சமையலறைக் குழாய் மாற்றுதல்

சமையலறைக் குழாய் மாற்றுதல் என்பது, ஒழுகும் அல்லது அரித்துப்போன தண்ணீர்க் குழாயைக் கழற்றிவிட்டு, அதே இணைப்பில் புதிய குழாயைப் பொருத்தும் வீட்டுப் பணியாகும். சுவரிலிருந்து நீளும் அரை அங்குலக் குழாயை முன்பழக்கம் இல்லாதவரும் ஒரு மணி நேரத்தில் மாற்றிவிடலாம். ஆயினும் கடலோர ஊர்களில் இப்பணிக்குக் கூடுதல் கவனம் தேவை. விழுப்புரம் மாவட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் உப்பளங்களுக்கு நடுவே அமைந்த மரக்காணம் போன்ற ஊர்களில் குழாய் விரைவில் அரிக்கிறது. பழைய குழாய் சுவருக்குள்ளேயே உடைந்துவிடும் வாய்ப்பும் மிகுதி.

ஒழுகும் நீரின் அளவு

ஒழுகும் குழாயின் கீழ் ஒரு டம்ளரை வைத்து நேரம் பார்த்தால் வீணாகும் நீரைக் கணக்கிடலாம். 200 மில்லிலிட்டர் டம்ளர் 10 நிமிடத்தில் நிறைந்தால், ஒரு மணி நேரத்திற்கு 1.2 லிட்டர், ஒரு நாளைக்கு 28.8 லிட்டர், 30 நாளுக்கு 864 லிட்டர் வீணாகிறது. 2019-ல் தொடங்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம் ஊரகப் பகுதியில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என அளவு வைத்துள்ளது. அதாவது, அந்தச் சொட்டு ஒருவருடைய பங்கில் பாதிக்கும் மேல். நிலத்தடி நீர் உவர்ப்பாக உள்ள கடற்கரையில் நன்னீரின் இந்த இழப்பு சிறியதன்று.

உப்புக் கரையில் குழாய் கெடுவதற்கான காரணங்கள்

கடற்காற்றில் வரும் நுண்ணிய உப்பு குழாயின் மேல் படிந்து, காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. இந்த உப்பு ஈரம் குரோமியப் பூச்சின் நுண்துளைகள் வழியே உள்ளிருக்கும் பித்தளையைத் தாக்குகிறது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். குளோரைடு மிகுந்த நீரில் துத்தநாகம் மட்டும் கரைந்து வெளியேற, பஞ்சுபோல் நொய்ந்த செம்பு மிஞ்சுகிறது. பூச்சு உரிந்த இடத்தில் செந்நிறத் திட்டுகள் தெரிந்தால் இது நிகழ்ந்துள்ளது எனக் கொள்ளலாம். பார்வைக்கு முழுதாக இருக்கும் இத்தகைய குழாய், முறுக்கினால் ஒடிந்துவிடும்.

பழைய வீடுகளில் ஜிஐ எனப்படும் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயில் பித்தளைக் குழாய் பொருத்தப்பட்டிருக்கும். உப்பு நீரில் இவ்விரு உலோகங்களும் தொட்டுக்கொண்டிருந்தால் இரும்பு விரைவாகத் துருப்பிடித்து, மரையை இறுக்கிக் கட்டிவிடுகிறது.

குழாய் நுனியில் காணும் வெள்ளைப் படிவு பெரும்பாலும் சோற்றுப்பு அன்று, சுண்ணாம்பு. உப்பளத்தில் நீர் வற்றும்போது, சோற்றுப்பு படிவதற்கு முன் சுண்ணாம்பு உப்புகள் முதலில் பிரிந்து படிகின்றன. அதே நிகழ்வு குழாய் நுனியில் சிறிய அளவில் நடக்கிறது. சோற்றுப்பு தண்ணீரில் கரைந்துவிடும். சுண்ணாம்புப் படிவை எலுமிச்சைச் சாறு அல்லது வினிகர் கொண்டுதான் இளக்க முடியும்.

மாற்றுவதற்கு முன் கண்டறிய வேண்டியவை

எல்லா ஒழுக்கிற்கும் குழாயை மாற்ற வேண்டியதில்லை.

- மூடிய பின்னும் நுனியில் சொட்டினால்: திருகுக் குழாயில் வாஷர் தேய்ந்திருக்கும். வாஷரை மட்டும் மாற்றினால் போதும். கால் சுற்றில் திறக்கும் குழாயில் பீங்கான் வட்டுகள் உள்ள உட்பகுதியை மாற்ற வேண்டும்.
- திறக்கும்போது கைப்பிடியின் அடியில் கசிந்தால்: தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் தளர்ந்துள்ளது.
- சுவரோடு சேரும் இடத்தில் கசிந்தால்: மரைச் சுற்று தளர்ந்துள்ளது. கழற்றி, புதிய டெஃப்லான் டேப் சுற்ற வேண்டும்.
- உடலில் விரிசல், செந்நிறத் திட்டு அல்லது தேய்ந்த வாஷர் இருக்கை இருந்தால்: முழுக் குழாயையும் மாற்ற வேண்டும்.

புதிய குழாய் வாங்குதல்

புதியவர்கள் அதிகம் தவறுவது அளவில்தான். அரைக்குழாயின் வெளிமரையை ஸ்கேலால் அளந்தால் ஏறத்தாழ 21 மில்லிமீட்டர் வரும். இதை முக்கால் அங்குலம் என்று எண்ணி மாற்றி வாங்கிவிடுவர். அரை அங்குலம் என்பது நீர் செல்லும் துளையைக் குறித்த பழைய பெயரளவு. முக்கால் குழாயின் வெளிமரை ஏறத்தாழ 26 மில்லிமீட்டர் இருக்கும். ஐயம் இருந்தால் பழைய குழாயையே கடைக்கு எடுத்துச் செல்வது நல்லது.

பித்தளைத் திருகுக் குழாய்களுக்கு இந்தியத் தர எண் ஐ.எஸ். 781. கடலோரத்தில் பலரும் பயன்படுத்தும் பிடிஎம்டி பிளாஸ்டிக் குழாய் அரிக்காது. ஆனால் அதிக விசையையும் கொதிநீரையும் தாங்காது. துருப்பிடிக்காத எஃகில் 304 வகை உப்புக் காற்றில் புள்ளி புள்ளியாக அரிக்கக்கூடும். 316 வகை அதைவிட நன்கு தாங்கும்.

தேவையானவை: அனுசரிப்பு ஸ்பேனர், பைப் ரெஞ்ச், டெஃப்லான் டேப், துரு இளக்கும் எண்ணெய், பழைய பல் துலக்கி, துணி.

மாற்றும் முறை

1. மாடித் தொட்டியிலிருந்து வரும் கேட் வால்வை மூட வேண்டும். தெருக் குழாயிலிருந்து நேரடி இணைப்பு என்றால், தண்ணீர் விடாத நேரத்தில் செய்ய வேண்டும். பின் குழாயைத் திறந்து, மிச்ச நீரை வடிக்க வேண்டும்.
2. தொட்டியின் வடிகால் துளையைத் துணியால் அடைக்க வேண்டும். சிறு பாகங்கள் விழாது.
3. மரை இணையும் இடத்தில் எண்ணெய் விட்டு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும்.
4. சுவருக்கு அருகில் குழாயின் அடிப்பகுதியை ரெஞ்சால் பிடித்து, வலமும் இடமுமாகச் சிறிது அசைத்து, பின் இடஞ்சுழியாகத் திருக வேண்டும். எல்போ வெளியே தெரிந்தால் அதை இன்னொரு ரெஞ்சால் அசையாமல் பிடிக்க வேண்டும்.
5. உள்மரையில் உள்ள பழைய டேப், சணல், துரு ஆகியவற்றைப் பல் துலக்கியால் நீக்க வேண்டும்.
6. புதிய குழாயில் சுவர் மூடியை முதலில் மாட்ட வேண்டும். மரையின் முனை நம்மை நோக்கி இருக்கும்படி பிடித்து, டேப்பை வலஞ்சுழியாக 10 முதல் 15 சுற்று இழுத்துச் சுற்ற வேண்டும். எதிர்த் திசையில் சுற்றினால் திருகும்போது டேப் உரிந்துவிடும்.
7. முதல் இரண்டு மூன்று சுற்றைக் கையாலேயே திருக வேண்டும். கையால் ஏறவில்லை என்றால் மரை கோணலாக மாட்டியுள்ளது. கழற்றி மீண்டும் தொடங்க வேண்டும்.
8. பூச்சு கீறாமல் இருக்கத் துணி சுற்றி, குழாயின் வாய் கீழ் நோக்கும் வரை ஸ்பேனரால் இறுக்க வேண்டும். நிலை தாண்டிவிட்டால் பின்னோக்கித் திருப்பக் கூடாது. கழற்றி, டேப்பைக் கூட்டியோ குறைத்தோ சுற்ற வேண்டும்.
9. வால்வை மெதுவாகத் திறந்து, இணைப்பைக் காய்ந்த காகிதத்தால் ஒற்றிப் பார்க்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். முதலில் வரும் நீரைக் குடிக்கவோ சமைக்கவோ பயன்படுத்தக் கூடாது.

பிளம்பரை அழைக்க வேண்டிய நிலை

எண்ணெய் விட்டு இரண்டு முறை முயன்றும் குழாய் அசையாவிட்டால், ரெஞ்சில் நீண்ட குழாயைச் செருகி விசையைக் கூட்டக் கூடாது. மரை உள்ளே ஒடிந்தால் சிறிய வேலை சுவரை உடைக்கும் வேலையாகிவிடும். குழாயுடன் சுவருக்குள் இருக்கும் எல்போவும் சேர்ந்து திரும்புவது போல் தோன்றினாலும் உடனே நிறுத்த வேண்டும். மரை ஏற்கெனவே ஒடிந்திருந்தால், அதை எடுக்கும் கருவி பிளம்பரிடம் இருக்கும்.

பராமரிப்பு

வாரம் ஒருமுறை குழாயின் வெளிப்புறத்தை நன்னீரில் நனைத்த துணியால் துடைத்து, பின் உலர்ந்த துணியால் ஈரம் போகத் துடைக்க வேண்டும். உப்பு தேங்காத குழாயின் பூச்சு நெடுநாள் நிற்கும். ஆறு மாதத்திற்கு ஒருமுறை கேட் வால்வை மூடித் திறந்து பார்ப்பதும் தேவை. உப்புக் காற்றில் அதுவும் இறுகும். அவசரத்தில் மூட முடியாத வால்வு இருந்தும் பயனில்லை.