புதிய கோல்ஃப் மட்டை வாங்கப் போகிறீர்களா? முதலில் அளவு, பிறகு மாடல், கடைசியில் விலை

ஜோர்ஜ்டவுன் – பெயர் பெற்ற நிறுவனத்தின் புதிய கோல்ஃப் இரும்பு மட்டைகள் ஒரு செட், இன்று நான்காயிரம் ரிங்கிட்டுக்குக் குறைவாகக் கிடைப்பது அரிது. நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். அதாவது இரண்டு மாதச் சம்பளத்துக்கும் மேல் ஒரே பையில் போய்விடுகிறது. அவ்வளவு கொடுத்து வாங்கிய மட்டை, ஆடுபவரின் உயரத்துக்கும் கை வேகத்துக்கும் பொருந்தாவிட்டால், ஆட்டமும் முன்னேறாது, பணமும் திரும்பாது. எதைப் பார்த்து வாங்குவது, எப்போது வாங்குவது என்பதை அறிந்துகொண்டால் அதே மட்டையைக் கணிசமாகக் குறைந்த விலைக்கு வாங்க முடியும்.

கோல்ஃப் பணக்காரர் விளையாட்டு என்ற எண்ணம் நம்மவரிடையே இன்னும் மாறவில்லை. ஆனால், திடலுக்கும் நமக்கும் உள்ள உறவு பழையது. தோட்டத் துரைமார்கள் ஆடிய காலத்தில் பை சுமந்தவர்களிலும் புல் வெட்டியவர்களிலும் நம் மக்கள் பலர் இருந்தனர். கெடாவில் ஹார்வார்ட் தோட்டத்தின் பெயரிலேயே ஒரு கோல்ஃப் கிளப் உண்டு. மலேசியத் தொழில்முறை கோல்ஃபில் மாரிமுத்து ராமையா, பெரியசாமி குணசேகரன் ஆகியோர் நாடறிந்த பெயர்கள். இன்று புக்கிட் ஜம்புல், பெர்த்தாம், புக்கிட் ஜாவி திடல்களில் வார இறுதியில் தமிழ்க் குரல் கேட்பது புதிதல்ல. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்களும் சொந்தத் தொழில் நடத்துபவர்களும் இப்போது மட்டை பிடிக்கிறார்கள். அவர்களுக்காகவும், பிள்ளைக்கு மட்டை வாங்கித் தர நினைக்கும் பெற்றோருக்காகவும் இந்த விளக்கம்.

இரும்பு மட்டை எது?

கோல்ஃப் பையில் அதிகபட்சம் 14 மட்டைகள் வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் 1938-லும் பிரிட்டனில் 1939-லும் வந்த விதி இது. தூரம் அடிக்க டிரைவர், பந்தைக் குழிக்குள் தள்ள பட்டர். இவை இரண்டுக்கும் நடுவே, பெரும்பாலான அடிகளுக்குக் கைகொடுப்பவை இரும்பு மட்டைகள். வழக்கமான செட்டில் 5 முதல் 9 வரை எண் போட்ட மட்டைகளும் பிட்ச்சிங் வெட்ஜும் இருக்கும். சிலவற்றில் 4-ஆம் எண்ணும் சேரும்.

இரும்பு மட்டைகள் பெருகியதில் நம் மண்ணுக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தக் காலத்துப் பந்து, தோலுக்குள் இறகை அடைத்துத் தைத்தது. இரும்பால் ஓங்கி அடித்தால் தோல் கிழிந்துவிடும். அதனால் மர மட்டைகளே அதிகம். 1848 வாக்கில் மலாயாக் காடுகளின் மரப்பாலான கெத்தா பெர்ச்சாவில் செய்த பந்து வந்தது. விலையும் மலிவு, இரும்பின் அடியையும் தாங்கியது. அதன் பிறகே இரும்பு மட்டைகளின் வகைகள் கூடின.

எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம்

கடையில் சோதனைக்காகப் புதிய 7-ஆம் எண் மட்டையைக் கொடுப்பார்கள். உங்கள் பழைய 7-ஐ விட 15 மீட்டர் கூடுதலாகப் பந்து போகும். உடனே கை பணப்பையைத் தேடும். அங்கேதான் நிதானம் வேண்டும்.

மட்டையின் முகம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை லோஃப்ட் என்பார்கள். சாய்வு குறைந்தால் பந்து தாழ்வாக, தூரமாகப் போகும். சாய்வு கூடினால் உயரமாக எழுந்து பக்கத்தில் இறங்கும். எந்த எண்ணுக்கு எத்தனை பாகை என்று விதி எதுவும் இல்லை. நிறுவனம் வைத்ததுதான் கணக்கு. டைட்டலிஸ்ட் நிறுவனம் 2023-இல் வெளியிட்ட மட்டைகளில் டி100 வகையின் 7-ஆம் எண் 34 பாகை. அதே ஆண்டு வந்த டி350 வகையின் 7-ஆம் எண் 29 பாகை. நிறுவனம் ஒன்று, எண்ணும் ஒன்று, வித்தியாசமோ 5 பாகை. அது ஏறக்குறைய ஓர் எண் மட்டைக்கும் மேலான வித்தியாசம்.

இது ஏமாற்று வேலை என்று சொல்லிவிடவும் முடியாது. இப்போதைய மட்டைகளில் எடை கீழ்ப்பகுதியில் இருப்பதால், சாய்வு குறைந்தாலும் பந்து எழுகிறது. ஆனால் ஒரு விளைவைக் கவனிக்க வேண்டும். இப்படிப்பட்ட செட்டில் பிட்ச்சிங் வெட்ஜ் 41 முதல் 44 பாகைக்குள் முடிந்துவிடும். பலர் வைத்திருக்கும் சேண்ட் வெட்ஜ் 56 பாகை. இரண்டுக்கும் நடுவே 25 மீட்டர் அளவுக்கு ஓர் ஓட்டை விழும். அதை அடைக்க இன்னொரு வெட்ஜ் வாங்க வேண்டிவரும். அந்தச் செலவையும் சேர்த்துத்தான் செட்டின் விலையைக் கணக்கிட வேண்டும்.

ஆகவே கடையில் கேட்க வேண்டிய கேள்வி, "எவ்வளவு தூரம் போகிறது?" என்பதல்ல. "இதன் லோஃப்ட் எவ்வளவு? பத்து அடியில் எத்தனை பந்து ஒரே இடத்தில் விழுகிறது?" என்பதே.

எந்த வகை நமக்கு?

இரும்பு மட்டைகளைப் பொதுவாக மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, பின்புறம் தட்டையான மெல்லிய பிளேட் வகை. நடுவில் பட்டால் பந்து சொன்ன பேச்சைக் கேட்கும். சற்று விலகினால் தூரமும் திசையும் கெடும். நன்கு தேர்ந்தவர்களுக்கே இது.

இரண்டாவது, பின்புறம் குழிவான கேவிட்டி வகை. நடுவில் இருந்த எடையை ஓரங்களுக்குத் தள்ளியிருப்பார்கள். அதனால் அடி விலகினாலும் மட்டை முகம் அவ்வளவாகத் திரும்பாது. பிங் நிறுவனத்தைத் தொடங்கிய பொறியாளர் கார்ஸ்டன் சோல்ஹெய்ம் பரப்பிய முறை இது. 1982-இல் வந்த அந்நிறுவனத்தின் ஐ2 மட்டைகள் இதற்குப் பெயர் போனவை.

மூன்றாவது, அடிப்பாகம் அகன்று, தலை பெரிதாக இருக்கும் வகை. புதிதாக ஆடுபவர்களுக்கும், மாதத்தில் ஒன்றிரண்டு முறை மட்டும் திடலுக்குப் போகிறவர்களுக்கும் ஏற்றது. நம் ஊரில் இதற்கு இன்னொரு நன்மையும் உண்டு. மழை பெய்து ஊறிய மண்ணில் மெல்லிய மட்டை புதைந்துகொள்ளும், அகன்ற அடிப்பாகம் வழுக்கிக்கொண்டு போகும்.

பையில் என்ன இருக்கிறது என்று நண்பர்கள் பார்ப்பார்கள் என்பதற்காக முதல் வகையை வாங்குவோர் இருக்கிறார்கள். பந்துக்கு அந்தக் கௌரவம் தெரியாது.

சட்டை தைப்பது போல அளவு

கடையில் தொங்கும் செட், சராசரி உடம்புக்காகச் செய்தது. உங்களுக்குப் பொருந்துமா என்று நான்கு விஷயங்களில் பார்க்க வேண்டும்.

நீளம்: உயரம் மட்டும் போதாது. நேராக நின்று, மணிக்கட்டிலிருந்து தரை வரை அளக்க வேண்டும். உயரமானவருக்குக் கை நீளமாக இருந்தால் வழக்கமான நீளமே போதும்.

லை: மட்டையின் தண்டுக்கும் தரைக்கும் உள்ள கோணம். வலக்கை ஆட்டக்காரருக்கு இது அளவுக்கு மீறி நிமிர்ந்திருந்தால் பந்து இடப்பக்கம் போகும், படுத்திருந்தால் வலப்பக்கம் போகும். பலர் தங்கள் கையைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள், தவறு மட்டையில் இருக்கும். இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. பந்தில் மார்க்கர் பேனாவால் தடித்த கோடு போட்டு, கோடு செங்குத்தாக மட்டை முகத்தைப் பார்க்கும்படி வைத்து அடியுங்கள். கோடு முகத்தில் பதியும். அது நேராக நின்றால் சரி. அதன் தலைப்பு மட்டையின் நுனிப்பக்கம் சாய்ந்திருந்தால் மட்டை நிமிர்ந்திருக்கிறது என்று பொருள்.

தண்டு: எஃகு அல்லது கிராஃபைட். எஃகு கனம், பெரும்பாலும் 95 கிராமுக்கு மேல். கிராஃபைட் 50 முதல் 80 கிராம் வரை. 7-ஆம் எண்ணில் 120 மீட்டரை எட்டச் சிரமப்படுபவர்களும், முழங்கை, மணிக்கட்டு வலி உள்ளவர்களும் இலேசான தண்டைச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

பிடி: கைக்குப் பொருந்தாத பிடி, மட்டையை இறுகப் பிடிக்க வைக்கும். இறுகப் பிடித்தால் வீச்சு தடைப்படும்.

இந்த அளவுகளை எடுத்துப் பார்ப்பதை ஃபிட்டிங் என்கிறார்கள். செட் வாங்கினால் அதற்கான கட்டணத்தைக் கழித்துக்கொள்ளும் கடைகள் உண்டு. பேசும்போதே கேட்டுவிடுங்கள். ஒரு கடையில் எடுத்த அளவை எழுதி வாங்கிக்கொண்டால், அது எந்தக் கடைக்கும் செல்லும்.

மாற்றித்தான் ஆக வேண்டுமா?

டிரைவரைப் போல இரும்பு மட்டை சீக்கிரம் பழசாவதில்லை. பத்து ஆண்டு பழைய நல்ல செட் இன்றும் ஆடும். புதிது தேடுவதற்கு முன் மூன்றைச் சரிபாருங்கள்.

பிடி ரப்பர் வழுவழுப்பாகி விட்டதா? நம் வெயிலிலும் வியர்வையிலும் ரப்பர் சீக்கிரம் கெட்டியாகும். அடிக்கடி ஆடுபவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். லோஃப்ட், லை கோணங்கள் பயிற்சிப் பாயில் அடித்து அடித்து மாறியிருக்கின்றனவா? ஃபோர்ஜ்டு மட்டைகளை வளைத்துத் திருத்த முடியும். தண்டில் துரு ஏறியிருக்கிறதா? பினாங்கின் ஈரக் காற்றில், நனைந்த பையைக் கார் பூட்டிலேயே வைப்பவர்களுக்கு இது வரும்.

இந்தப் பழுதுகளைச் சரிசெய்யும் செலவு, புதிய செட்டின் விலையில் ஒரு சிறு பங்குதான். அதற்குப் பிறகும் பொருந்தவில்லை என்றால் புதிது பார்க்கலாம்.

விலைக்கு ஒரு பருவம் உண்டு

நமக்கு ஆண்டு முழுதும் ஆடும் பருவம். ஆனால் மட்டை நிறுவனங்கள் அமெரிக்க, ஐரோப்பியப் பருவத்தைப் பார்த்தே புதிய மாடல்களை விடுகின்றன. பெரும்பாலானவை ஆண்டின் தொடக்கத்தில் வரும், இன்னொரு பகுதி ஆகஸ்ட், செப்டம்பரில் வரும்.

பல வகைகளுக்கு ஆயுள் இரண்டு ஆண்டுகள். டைட்டலிஸ்ட் டி வரிசை 2019, 2021, 2023, 2025 என்று வந்தது. டெய்லர்மேட் பி790 வகையும் 2017 முதல் ஒற்றைப்படை ஆண்டுகளில்தான் வந்திருக்கிறது. பிங் ஜி வரிசையும் அப்படியே: ஜி410 2019-இல், ஜி425 2021-இல், ஜி430 2023-இல், ஜி440 2025-இல். மிசுனோவின் ஜேபிஎக்ஸ் வரிசை இரட்டைப்படை ஆண்டுகளில் வந்தது. கேலவே போன்றவை ஏறக்குறைய ஆண்டுதோறும் மாற்றுகின்றன.

ஆகவே ஒரு மாடல் பிடித்துப்போனால், அது எந்த ஆண்டில் வந்தது என்று முதலில் பாருங்கள். வந்து ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தால் முழு விலை கொடுப்பது வீண். புதியது வந்ததும் கடைக்காரர் பழைய இருப்பைத் தள்ளத்தான் பார்ப்பார். அறிவிப்பு வந்த அன்றே விலை இறங்காது, சில வாரங்கள் பொறுக்க வேண்டும். அதற்காக அதிக காலம் காத்திருந்தாலும் உங்கள் அளவு தீர்ந்துவிடும். இடக்கை ஆட்டக்காரர்களுக்கு இது இன்னும் சிரமம்.

குடும்ப வரவு செலவும் இதில் சேரும். 2026 முதல் பள்ளி ஆண்டு மீண்டும் ஜனவரியில் தொடங்குகிறது. தீபாவளிச் செலவு, ஆண்டிறுதி, பள்ளிச் செலவு என்று மூன்றும் அடுத்தடுத்து வரும். போனஸ் கையில் விழுந்த சூட்டில் வாங்குவதை விட, மார்ச், ஏப்ரல் வரை பொறுத்தால் பழைய மாடல் விலையும் இறங்கியிருக்கும், வீட்டுச் சுமையும் குறைந்திருக்கும். கடன் அட்டையில் வாங்கி நிலுவை வைத்தால் ஆண்டுக்கு 18 விழுக்காடு வரை வட்டி ஏறும். கிடைத்த தள்ளுபடியை அது தின்றுவிடும்.

பழைய செட், போலி செட்

முதல் செட்டுக்குப் பயன்படுத்திய மட்டையே புத்திசாலித்தனம். வாங்கும்போது எல்லா மட்டைகளின் தண்டும் ஒரே வகையா, நீளம் சீராகக் குறைந்து வருகிறதா, முகத்தின் கோடுகள் தேய்ந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். 2010-க்கு முன் செய்த சில மட்டைகளின் கோடுகள் பிறகு வந்த விதிக்குள் அடங்காதவை. நண்பர்களோடு ஆடத் தடையில்லை. உயர்மட்டப் போட்டிக்குப் போகும் இளையோர் மட்டும் முன்கூட்டியே சரிபார்க்க வேண்டும்.

இணையத்தில் புத்தம் புதிய பெரிய நிறுவன செட் மூன்றில் ஒரு பங்கு விலைக்கு வந்தால் அது போலியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். தொடர் எண்ணைக் கேளுங்கள், நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரா என்று பாருங்கள். வெளிநாட்டிலிருந்து இணையம் வழி வரும் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட பொருளுக்கு 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். விற்பனையாளர் ஏமாற்றினால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் புகார் செய்யலாம். கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் தனிநபரிடம் கைமாற்றாக வாங்கியதற்கு இந்த வழி இல்லை.

பிள்ளைகளுக்கு வாங்கும்போது

அப்பாவின் பழைய மட்டையை அறுத்துக் குட்டையாக்கிக் கொடுப்பது பல வீடுகளில் நடக்கிறது. நீளம் குறையுமே தவிர, தலையின் கனமும் தண்டின் விறைப்பும் குறையாது. அதைத் தூக்கி வீச உடம்பை வளைத்துப் பழகும் பிள்ளைக்கு, பிறகு அந்தப் பழக்கத்தை மாற்றுவது பெரும்பாடு. உயரத்துக்கேற்ற சிறுவர் மட்டைகள் தனியாக உண்டு. 7, 9, சேண்ட் வெட்ஜ், ஒரு பட்டர் என நான்கே மட்டை போதும். வளரும் வயது என்பதால் பயன்படுத்தியதையே வாங்கி, சிறிதானதும் அடுத்த பிள்ளைக்குக் கைமாற்றிவிடலாம்.

முழு செட் வாங்கும் அவசரம் பிள்ளைக்கு இல்லை, பெரும்பாலும் நமக்குத்தான். மிச்சமாகும் பணம் ஒரு நல்ல பயிற்றுநரிடம் சில மாத வகுப்புக்குப் போகட்டும். பொருந்திய பழைய மட்டையும் முறையான பயிற்சியும் இருந்தால், புதிய செட் இல்லை என்ற குறை ஆட்டத்தில் தெரியாது.