ஒரே சாவி பல பூட்டுக்கு ஆகாது

கடையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டால் போதும் என்றிருந்த காலம் ஒன்று உண்டு. இன்றோ சிறு வணிகரின் வங்கிக் கணக்கும், வரிக் கணக்கும், வாடிக்கையாளர் விவரங்களும் கணினிக்குள் இருக்கின்றன. அவற்றின் சாவி கடவுச்சொல்லே ஆகும்.

இச்சாவி எவ்வாறு களவு போகிறது? ஓரிடத்தில் திருடிய கடவுச்சொல்லைத் திருடர்கள் வேறு பல இடங்களிலும் போட்டுப் பார்க்கின்றனர். கோப்புகளைச் சேமித்துத் தரும் டிராப்பாக்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனத்திற்கு 2012-ஆம் ஆண்டில் இதுவே நேர்ந்தது. வேறொரு தளத்தில் திருடப்பட்ட கடவுச்சொல், அந்நிறுவன ஊழியர் ஒருவரின் கணக்கையும் திறந்துவிட்டது! அதனுள் இருந்த வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் முகவரிகள் திருடர் கையில் சிக்கின. பெரிய நிறுவனத்திற்கே இந்நிலை என்றால் சிறு கடைகள் எம்மாத்திரம்?

வங்கி அனுப்பியதுபோல் போலிக் கடிதம் அனுப்பி, நம் வாயாலேயே கடவுச்சொல்லைக் கறப்பதும் உண்டு.

இவற்றைத் தடுக்கும் வழிகள் எளியவையே. ஒவ்வொரு கணக்கிற்கும் நீண்ட, தனித்தனிக் கடவுச்சொல் வேண்டும். நினைவில் நில்லாதெனில், அவற்றைக் காத்துத் தரும் செயலிகள் உள்ளன. கைப்பேசிக்கு வரும் ஒருமுறை எண்ணை இரண்டாம் பூட்டாக அமைத்தல் நன்று. அவ்வெண்ணை எவர் கேட்டாலும் சொல்லலாகாது. வேலையை விட்டுச் சென்றவரின் கணக்கை அன்றே மூடிவிட வேண்டும். பணம் பறிபோனால் தாமதியாமல் 1930 என்னும் எண்ணில் புகார் செய்யலாம்.

நம் வீட்டுப் பெரியோர் கடை நடத்துவாராயின், இவற்றை அவர்களுக்கு எடுத்துரைப்பது நம் கடமையன்றோ? வருமுன் காப்போம்!