ஒரு மீனுக்காக அழலாமா?

"வளர்த்த மீன் இறந்துபோனால் அழலாமா?" இதுதான் இந்த வார மன்றத்திற்கு நான் எடுத்துக்கொண்ட தலைப்பு. இதைச் சொன்னதும் எங்கள் தயாரிப்புக் குழுவிலேயே இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். "அடுத்த வாரம் கொசுவுக்கு இரங்கல் கூட்டமாக்கா?" என்று ஒரு தம்பி கேட்டார். நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனாலும் தலைப்பை மாற்றவில்லை. காரணம் என் அப்பா.

அப்பா ஈசூனில் நாலறை வீட்டில் தனியாக இருக்கிறார். 2014ல் அம்மா ஆசைப்பட்டு ஒரு லுவோஹான் மீன் வாங்கினார். நெற்றி புடைத்த அந்த மீனை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பித்துப் பிடித்ததுபோல் வாங்கினார்கள். உடம்பில் இருக்கும் கறுப்புப் புள்ளிகளில் எண் தெரிகிறதா என்று பார்த்து நாலு நம்பர் எழுதியவர்களும் உண்டு. அம்மாவுக்கு அந்த மாதிரி ஆசை எதுவும் இல்லை. வீட்டில் ஏதாவது அசைந்துகொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அம்மா 2017ல் காலமானார். அதன்பிறகு அப்பாவுக்குப் பேச்சுத் துணை அந்த மீன்தான். காலை ஆறு மணிக்கு விளக்கைப் போட்டால் கண்ணாடி ஓரமாக வந்து நிற்கும். விரலை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் கூடவே வரும். 2022ல் ஒருநாள் காலையில் அப்பா தொலைபேசியில் அழைத்து, "மீனு போயிடுச்சும்மா" என்றார். நான் படப்பிடிப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். "விடுங்கப்பா, மீனுதானே? சனிக்கிழமை வேற ஒன்னு வாங்கித் தர்றேன்" என்றேன். "சரிம்மா" என்று வைத்துவிட்டார். பேசுவதையே தொழிலாகக் கொண்டவள் நான். அன்று அப்பாவிடம் பேசிய லட்சணம் இது.

இப்படிப்பட்ட துயரத்திற்கு ஒரு பெயரே இருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோகா 1989ல் இதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். தமிழில் 'உரிமை மறுக்கப்பட்ட துயரம்' எனலாம். இழந்தவர் வருந்துகிறார், ஆனால் அந்த இழப்பை ஊர் ஓர் இழப்பாகவே ஒத்துக்கொள்வதில்லை. விடுப்பு கிடையாது, துக்கம் விசாரிக்க யாரும் வருவதில்லை. வெளியே சொன்னால் சிரிப்பார்களோ என்ற கூச்சம் வேறு. நாய், பூனை இறந்தாலாவது "அடப் பாவமே" என்பார்கள். மீன் என்றால் "எத்தனை வெள்ளி?" என்று கேட்பார்கள்.

மீனுக்கு நம்மை அடையாளம் தெரியுமா என்று கேட்கலாம். மூன்று விநாடி ஞாபகம்தான் அதற்கு என்பது வெறும் கட்டுக்கதை. 2016ல் ஆக்ஸ்ஃபர்ட், குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நீரைப் பீய்ச்சிப் பூச்சி பிடிக்கும் ஒருவகை மீனுக்கு ஒரு மனித முகத்தைக் காட்டிப் பழக்கினார்கள். பிறகு 44 புதுமுகங்களோடு கலந்து காட்டினார்கள். பழகிய முகத்தை அது 81 விழுக்காடு சரியாகக் கண்டுபிடித்தது! அதற்கு நம்மேல் பாசம் உண்டு என்று இதனால் சொல்லிவிட முடியாது. ஆனால் எட்டு வருடம் தினமும் கண்ணாடிக்கு வந்து நின்ற ஓர் உயிர், அப்பாவைப் பொறுத்தவரை வெறும் அலங்காரப் பொருள் இல்லை.

சனிக்கிழமை சொன்னபடியே பிளாஸ்டிக் பையில் ஒரு குட்டி லுவோஹானோடு போய் நின்றேன். அதற்குள் அப்பா தொட்டியைக் காலி செய்து, கல், வடிகட்டிப் பஞ்சு எல்லாவற்றையும் குழாய்த் தண்ணீரில் பளபளவென்று கழுவி வைத்திருந்தார். துக்கத்தில் கை சும்மா இருக்காது அல்லவா? புது மீனை விட்டோம். ஐந்தாம் நாள் அதுவும் செத்தது. "என் கையில எதுவும் தங்காது" என்றார் அப்பா.

நடந்தது என்ன என்று மீன் கடைக்காரர்தான் பொறுமையாக விளக்கினார். மீனின் கழிவில் இருந்தும் செவுளில் இருந்தும் அம்மோனியா வெளியாகிறது. அது நஞ்சு. வடிகட்டிப் பஞ்சில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு அதிகக் கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதுத் தொட்டியில் இந்த நுண்ணுயிர்கள் பெருகவே சில வாரங்கள் ஆகும். அப்பா கழுவிக் கொட்டியது அவற்றைத்தான். இன்னொன்று, சிங்கப்பூர்க் குழாய்நீரில் இருப்பது குளோரமின். குளோரினைப்போல ஓரிரவு திறந்து வைத்தால் அது போய்விடாது. அதற்கான மருந்து ஊற்றித்தான் ஆக வேண்டும். ஆகவே, மீன் இறந்ததும் மறுநாளே இன்னொன்று வாங்கிவந்து விடுவது மனத்திற்கும் ஆகாது, தண்ணீருக்கும் ஆகாது.

மீன் வளர்ப்பவர்களின் துயரத்தோடு குற்ற உணர்வும் ஒட்டிக்கொண்டே வருவதற்கு இதுவும் ஒரு காரணம். நாய்க்கு உடம்பு சரியில்லை என்றால் குரைத்தோ முனகியோ காட்டும். மீன் சத்தம் போடாது. நாம் கவனிப்பதற்குள் காரியம் முடிந்துவிடும்.

குழந்தைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீவக வீடுகளில் நாயென்றால் அனுமதிக்கப்பட்ட சிறிய இனத்தில் ஒன்றுதான். பூனைக்கு அனுமதி வந்ததே 2024 செப்டம்பரில்தான். அதனால் நம் பிள்ளைகள் பலர் முதலில் பார்க்கும் சாவு மீனின் சாவாகத்தான் இருக்கும். "தூங்குது" என்று மட்டும் சொல்லாதீர்கள். அன்றிரவு அந்தப் பிள்ளை படுக்கவே பயப்படும். "செத்துப்போச்சு, இனி வராது" என்று சொல்லுங்கள். பள்ளிவிட்டு வருவதற்குள் அதே நிறத்தில் ஒன்றை மாற்றி வைத்துவிடும் பெற்றோர் இருக்கிறார்கள். பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள், நம்பாவிட்டால் போங்கள். சின்ன மீனைக் காகிதத்தில் சுற்றிப் பூந்தொட்டி மண்ணில் பிள்ளையின் கையாலேயே புதைக்கலாம். மனம் வெறுத்துப்போய், மிச்சமிருக்கும் மீன்களை நீர்த்தேக்கத்தில் கொண்டுபோய் விடாதீர்கள். அது சட்டப்படி குற்றம்.

இரண்டாவது மீனும் போன பிறகுதான் ஒரு மாலை அப்பாவோடு உட்கார்ந்து, முதல் மீனைப் பற்றிக் கேட்டேன். ஒன்றரை மணி நேரம் பேசினார். அதில் பாதி அம்மாவைப் பற்றி. அம்மா போனபோதுகூட அவர் அவ்வளவு பேசியதில்லை.

மூன்று மாதம் கழித்து, தண்ணீரைச் சோதித்துப் பார்த்து, ஆறு கப்பிகள் விட்டார். இப்போது எண்ண முடியாத அளவுக்குப் பெருகிவிட்டன. மன்றத்திற்கு வாங்களேன் என்று அப்பாவைக் கூப்பிட்டேன். "நான் வந்து என்னத்தப் பேசப்போறேன், நீயே சொல்லிடு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே திரும்ப அழைத்தார். "உங்கம்மா அதுக்குத் துரைன்னு பேரு வச்சிருந்தா. அதச் சொல்ல மறந்துடாதம்மா."