மாட்டுவண்டியில் ஏறிய செயற்கைக்கோள்

இந்தியாவின் முதல் செயற்கைக்கோளான ஆரியபட்டா, பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டைக் கொட்டகைகளில் உருவாகி, 1975 ஏப்ரல் 19 அன்று விண்ணில் ஏவப்பட்டது. பின்னர் அந்நகரிலேயே 'ஆப்பிள்' என்னும் தகவல்தொடர்புச் செயற்கைக்கோள் உருவானது.

ஆப்பிள் ஒரு மாட்டுவண்டியின்மீது அமர்ந்திருக்கும் பழைய ஒளிப்படம் உலகப் புகழ் பெற்றது. அதைக் காண்போர் பலர், "ஊர்திக்கும் வழியில்லாத வறுமை போலும்!" என எண்ணுவர். படத்தின் பின்னணியை ஆராய்ந்தால் உண்மை வேறு எனப் புலப்படும்.

செயற்கைக்கோளின் ஆண்டெனாவைத் திறந்தவெளியில் சோதிக்க வேண்டியிருந்தது. உலோகத்தாலான ஊர்தி வானலைகளை எதிரொளித்துச் சோதனையைக் குழப்பும். மரவண்டியில் அத்தொல்லை குறைவு. எனவே, அறிவியலாளர் மாட்டுவண்டியைத் தேர்ந்தனர்.

தமிழரான ஆர்.எம். வாசகம் இத்திட்டத்தின் இயக்குநராக விளங்கினார். 1981 ஜூன் 19 அன்று, பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏரியன் ஏவூர்தியில் ஆப்பிள் விண்ணேகியது.

ஒளிப்படம் காட்சியைக் காட்டும். காரணத்தைத் தேடியே அறிதல் வேண்டும்.