போனை வைத்தால் போதுமா?

இலங்கையில் பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் திடீரென்று வாயடைத்துப் போன நாட்கள் உண்டு. நாமாக நிறுத்தியவை அல்ல அவை. அரசாங்கம் நிறுத்தியது.

2018 மார்ச் 7ஆம் திகதி, திகன, தெல்தெனிய பகுதிகளில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டுக்கொண்டிருந்த வேளையில் சமூக ஊடகங்களுக்குத் தடை வந்தது. ஏறத்தாழ ஒரு வாரம் நீடித்தது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று, நமது முகத்துவாரத்துக்குப் பக்கத்திலேயே உள்ள கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயம் உட்படப் பல இடங்களில் குண்டுகள் வெடித்தன. அன்றே மீண்டும் தடை. அதே ஆண்டு மே மாதத்தில் சிலாபத்தில் கலவரம் மூண்டபோது இன்னொரு தடை. 2022 ஏப்ரல் 3ஆம் திகதி, பொருளாதார நெருக்கடிக்கு எதிராக மக்கள் தெருவுக்கு இறங்கிய நேரத்தில் மற்றொன்று. அது ஒரு நாள்கூட நிலைக்கவில்லை.

அந்த நாட்களில் நமது வீடுகள் எப்படி இருந்தன? சில வீடுகளில் பிள்ளைகள் 'வீபிஎன்' போட்டுப் பூட்டைத் திறந்தார்கள். சில வீடுகளில் வெளிநாட்டிலிருக்கும் மகனின் குரல் கேட்காமல் உம்மாமார் தவித்தார்கள். வேறு சில வீடுகளிலோ, வெகு நாளைக்குப் பிறகு எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தடை நீங்கியதும் எல்லோரும் பழையபடி போனுக்குள் போய்விட்டோம்.

இன்று அரசாங்கம் தடுக்காமலே, "கொஞ்ச நாளைக்கு இதிலிருந்து விலகி இருங்கள்" என்று எல்லோரும் புத்தி சொல்கிறார்கள். கூடவே யோகா செய்யுங்கள், 'மைன்ட்புல்னஸ்' பழகுங்கள் என்றும் சொல்கிறார்கள். இவை நமக்கு ஆகுமா? ஆகும் என்றால், இவை மட்டும் போதுமா?

விரல் ஏன் நிற்பதில்லை?

இஷா தொழுதுவிட்டு, "ஒரு நிமிடம் பார்ப்போம்" என்று போனை எடுக்கிறோம். பிறகு நேரத்தைப் பார்த்தால் பதினொன்றரை. இதை நம்முடைய மனப்பலவீனம் என்று மட்டும் நினைத்து நொந்துகொள்ள வேண்டாம். முன்பெல்லாம் இணையத்தில் ஒரு பக்கம் முடிந்தால் அடுத்த பக்கத்துக்குப் போக ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அந்தச் சிறு இடைவெளியில் "போதும்" என்ற எண்ணம் வரும். 2006ல் அமெரிக்கரான ஏசா ராஸ்கின் என்பவர், பக்கம் முடியாமல் கீழே கீழே வந்துகொண்டேயிருக்கும் முறையை உருவாக்கினார். பிற்காலத்தில் அவரே அதற்காக வருந்திப் பேசினார். தட்டில் சோறு குறையக் குறைய யாரோ போட்டுக்கொண்டே இருந்தால், எவ்வளவு சாப்பிட்டோம் என்று எப்படித் தெரியும்?

நேரம் போவது ஒரு நட்டம். மனம் கெடுவது அதைவிடப் பெரிய நட்டம். 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், கறிக்குள் கிடந்த மாவுக் கட்டியை மலட்டு மாத்திரை என்று சொல்லி ஒரு வீடியோ பரப்பினார்கள். கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரச பகுப்பாய்வுத் திணைக்களம் பரிசோதித்து அது வெறும் மாவு என்று அறிவித்தது. உண்மை வந்து சேர்வதற்குள் பொய் ஊரைச் சுற்றிவிட்டது. 2018ஆம் ஆண்டுக் கலவரத்தில் தனது தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டதற்காக 2020ல் பேஸ்புக் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. எரிந்த வீட்டுக்காரருக்கு அந்த மன்னிப்பால் என்ன லாபம்?

நம் பக்கத்திலும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் நமது குடும்பக் குரூப்புகளில் வந்த ஒவ்வொரு செய்தியும் உண்மையா? வந்த செய்தியைத் தீர விசாரிக்கும்படி சூரா ஹுஜுராத் கட்டளையிடுவது நாம் அறியாததல்ல. பயத்தில் பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டு, அந்தப் பத்துப் பேரின் தூக்கத்தையும் கெடுத்தவர்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள்.

யோகா ஆகுமா?

இந்தக் கேள்வி உலகெங்கும் முஸ்லிம்களிடையே எழுந்ததுதான். 2008 நவம்பரில் மலேசியாவின் தேசிய பத்வா சபை, மந்திரம் ஓதுதலும் வழிபாட்டு அம்சங்களும் கலந்த யோகா முஸ்லிம்களுக்கு ஆகாது என்றது. 2009 ஜனவரியில் இந்தோனேசியாவின் உலமா சபை, மந்திரமும் வழிபாட்டுச் சடங்கும் சேர்ந்தது கூடாது, வெறும் உடற்பயிற்சி என்றால் தடையில்லை என்று பிரித்துச் சொன்னது. 2017 நவம்பரில் சவூதி அரேபியா யோகாவை விளையாட்டுத் துறையின் கீழ் ஓர் உடற்பயிற்சியாக அங்கீகரித்தது. அதற்காகப் பல வருடங்கள் பாடுபட்ட நவுப் மர்வாய் என்ற சவூதிப் பெண்மணிக்கு 2018ல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அளித்தது.

மூன்று நாடுகளின் பேச்சையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு கோடு தெரிகிறது. இன்னொரு மார்க்கத்தின் வணக்கம் வேறு. முதுகை நிமிர்த்துவதும் மூச்சைச் சீராக்குவதும் வேறு. பக்கத்து வீட்டு அக்கா தன் நம்பிக்கையோடு செய்யும் யோகாவை நாம் மதிக்க வேண்டும். அதிலுள்ள உடற்பயிற்சியை மட்டும் எடுத்துக்கொள்ள விரும்புகிறவர், சந்தேகம் இருந்தால் தமது ஹஸரத்திடம் கேட்டுத் தெளிந்துகொள்ளட்டும்.

மூச்சின் விஷயம் யாருக்கும் பொதுவானது. மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயம் சற்று வேகமாகவும், வெளியே விடும்போது சற்று மெதுவாகவும் துடிக்கிறது. ஆகவே நிதானமாக, நீளமாக மூச்சை வெளியே விட்டால் படபடப்புத் தணிகிறது. இதற்குக் காசும் வேண்டாம், வகுப்பும் வேண்டாம். கர்ப்பிணிகளும் இரத்த அழுத்தமோ முதுகு வலியோ உள்ளவர்களும், உடலை வளைக்கும் பயிற்சிகளை மட்டும் டொக்டரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

'மைன்ட்புல்னஸ்' எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவிலிருந்து வந்த புதுச் சரக்கு என்று நினைக்கிறோம். பாதிதான் சரி. 1979ல் மசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜோன் கபாட்-சின் என்பவர், தீராத வலியோடு வரும் நோயாளிகளுக்காகப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். மதச் சாயலை எடுத்துவிட்டு, நடப்பதைப் பதற்றமின்றிக் கவனிக்கும் பழக்கத்தை மட்டும் அதில் வைத்தார். அதன் வேர் பௌத்த தியானத்தில் இருக்கிறது. அந்தத் தியானத்தை மேற்கு நாட்டாருக்கு ஆங்கிலத்தில் விளக்கிய முக்கியமான நூல் ஒன்று 1954ல் வெளியானது நமது கொழும்பில்தான். எழுதியவர், ஜெர்மனியில் யூதக் குடும்பத்தில் பிறந்து, 1936ல் இலங்கைக்கு வந்து, கண்டியில் வாழ்ந்த ஞானபோனிக தேரர்.

நமக்கும் இது அந்நியமல்ல. தொழுகையில் மனம் அங்குமிங்கும் ஓடாமல் இருப்பதற்கு 'குஷூஉ' என்று பெயர் வைத்திருக்கிறோம். ரமழானின் கடைசிப் பத்தில் உலக அலுவல்களை விட்டு இஃதிகாப் இருப்பதும் நமக்குத் தெரிந்ததே. அவற்றின் நோக்கம் வணக்கம். மன ஆறுதல் அதனோடு வரும் பரக்கத். ஆனால் ஸலாம் கொடுத்த கையோடு போனை எடுக்கும் நமக்கு அந்த ஆறுதல் எப்படிக் கிடைக்கும்?

விலகிப் பார்த்தவர்கள் கண்டது

சமூக ஊடகத்தை நிறுத்தினால் மனம் நன்றாகிவிடுமா என்று சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2018ல் அமெரிக்கத் தேர்தலுக்கு முந்திய நான்கு வாரங்கள், ஒரு பிரிவினர் பேஸ்புக்கை நிறுத்தினார்கள். நாளொன்றுக்குச் சராசரி ஒரு மணி நேரம் மிச்சமானது. குடும்பத்தோடும் நண்பர்களோடும் கூடுதல் நேரம் கழித்தார்கள். மன நிம்மதி கூடியது. ஆனால் கொஞ்சந்தான் கூடியது. அரசியல் எதிர்த்தரப்பின் மீதான கசப்பும் சற்றுக் குறைந்தது.

அடுத்த ஆண்டு பொஸ்னியாவில் நடந்த சோதனையின் முடிவு நம்மை இன்னும் அதிகமாகச் சிந்திக்க வைக்கிறது. 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிகாவில் எண்ணாயிரத்துக்கும் அதிகமான முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். அதை நினைவுகூரும் வாரத்தில், 2019 ஜூலையில், சிலர் பேஸ்புக்கை நிறுத்தினார்கள். இவர்களுக்கும் மன நிம்மதி சற்றுக் கூடியது. ஆனால் மற்ற இனத்தவரைப் பற்றிய நல்லெண்ணம், எதிர்பார்த்ததற்கு மாறாகக் குறைந்தது! பெரும்பாலும் தன் இனத்தவரே வாழும் ஊர்களில்தான் இந்தப் பாதிப்புத் தெரிந்தது. ஆய்வாளர்கள் சொல்லும் காரணம் எளிமையானது. போனை வைத்துவிட்டு அவர்கள் யாரோடு பேசினார்கள்? தம்மைப் போன்றவர்களோடு மட்டும். கலந்து வாழும் ஊர்க்காரர்களுக்கு அப்படி ஆகவில்லை.

போனை வைப்பது பாதி வேலைதான் என்பது இதிலிருந்து தெரிகிறது. வைத்த பிறகு யாருடைய முகத்தைப் பார்க்கிறோம் என்பதில் மீதி இருக்கிறது.

முகத்துவாரத்துக்கு என்ன பாடம்?

களனி கங்கை கடலோடு கலக்கும் இடம் நமது பகுதி. மனிதர்களும் அப்படித்தான் கலந்திருக்கிறோம். காளி கோயிலும் தேவாலயமும் பன்சலையும் பள்ளிவாசலும் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. நோன்புக் கஞ்சி அடுத்த வீட்டுக்குப் போகும். நத்தாருக்குக் கேக் வரும். தைப்பொங்கலுக்குப் பொங்கல் வரும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு இந்தப் போக்குவரத்து எத்தனை வீடுகளில் நின்றுபோனது? கதவைத் திறந்தால் என்ன சொல்வார்களோ என்ற அச்சம் இரு பக்கமும் இருந்தது. அந்த நாட்களில் ஒருவரைப் பற்றி ஒருவர் அறிந்துகொண்டது போனில் வந்த செய்திகளிலிருந்துதான். அடுத்த வீட்டாரைப் பற்றி அறிய ஏழு கடலுக்கு அப்பாலுள்ள கம்பெனியை நம்பியிருந்தோம்.

இன்னொன்றும் நடந்துவருகிறது. முன்பு தோட்டங்களில் பைப்படியில் தண்ணீர் பிடிக்கும்போதே பெண்கள் ஊர்க்கதை எல்லாம் பேசி முடிப்பார்கள். 2010க்குப் பிறகு வட கொழும்பில் எழுந்த தொடர்மாடிகளுக்குப் பல குடும்பங்கள் போய்விட்டன. வீட்டுக்குள் தண்ணீர் வந்தது நல்லது. ஆனால் கதவு சாத்தியே கிடக்கிறது. அந்த வெறுமையைப் போன் நிரப்புகிறது.

அதற்காகப் போனைக் குறை சொல்லி ஒதுக்கிவிடவும் முடியாது. 2020 ஒக்டோபரில் கொரோனாவால் இந்தப் பகுதி ஊரடங்கில் கிடந்தபோது, சாமானுக்கும் மருந்துக்கும் அதுதான் துணை. கட்டாரிலும் சவூதியிலும் உள்ளவர்களின் குரல் அதில்தான் வருகிறது. பிள்ளையின் வகுப்பு அறிவித்தலும் ஜனாஸா அறிவித்தலும் அதில்தான் வருகின்றன. வட்டிலாப்பமும் கேக்கும் செய்து விற்கும் சகோதரிகளுக்கு அதுவே கடை. இத்தகைய ஒருவரிடம் "ஒரு மாதம் போனைத் தொடாதே" என்பது நடக்கக்கூடிய யோசனை அல்ல. நடக்கக்கூடியதைச் சொல்வோம்.

வீட்டில் செய்து பார்க்க

பேசுவதையும் பார்த்துக்கொண்டே இருப்பதையும் பிரியுங்கள். அழைப்புக்குத் தடையில்லை. குடும்பம், பள்ளிக்கூடம், வியாபாரம் தவிர்ந்த குரூப்புகளின் சத்தத்தை அணைத்துவிடுங்கள். பேஸ்புக்கையும் டிக்டொக்கையும் வாரத்தில் இரண்டு நாட்களாவது திறக்காமல் இருந்து பாருங்கள்.

இஷாவிலிருந்து சுபஹ் வரை போன் படுக்கையறைக்கு வெளியே சார்ஜில் கிடக்கட்டும். அவசர அழைப்பு வந்தால் கேட்கும் அளவுக்கு மணியைக் கூட்டி வையுங்கள். சுபஹுக்கு எழும்ப ஒரு சிறிய எலார்ம் மணிக்கூடு போதும்.

பயமூட்டும் செய்தி வந்தால், அடுத்த வக்து தொழும்வரை யாருக்கும் அனுப்பாதீர்கள். அதற்குள் பாதிச் செய்திகளின் வேஷம் கலைந்துவிடும். மீதியை விசாரிக்க நேரம் கிடைக்கும்.

தொழுது முடித்த பிறகு ஐந்து நிமிடம் முஸல்லாவிலேயே இருங்கள். தோளைத் தளர்த்தி, மெதுவாக மூச்சை விட்டு, திக்ரைச் சொல்லுங்கள். முடிந்த நாளில் காலையில் இரண்டு மூன்று பேராகக் காக்கைத்தீவுக் கடற்கரையில் நடந்து வாருங்கள்.

மிச்சமாகும் நேரத்தில் ஒரு பங்கை அடுத்த வீட்டுக்குக் கொடுங்கள். நம் மார்க்கத்தவர் அல்லாத ஒருவரின் வீடாக இருந்தால் இன்னும் நல்லது. பேச விஷயம் இல்லையே என்று தயங்க வேண்டாம். மரக்கறி விலையும் பிள்ளைகளின் படிப்பும் எல்லா வீட்டுக்கும் பொதுவான கதைதான்.

இவ்வளவும் செய்தும் வாரக்கணக்கில் தூக்கமின்றி, அழுகையும் வெறுப்புமாக இருந்தால் அது வேறு விஷயம். அது ஈமானின் குறைவு அல்ல, மருத்துவம் தேவைப்படும் நோயாக இருக்கலாம். டொக்டரிடம் போகக் கூச்சப்பட வேண்டாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். அதற்கும் இந்தப் போன்தான் உதவும்.

சகோதரிகளே! அடுத்த முறை நாட்டில் ஏதாவது நடந்து, சமூக ஊடகம் பூட்டப்பட்டாலும் சரி, திறந்தே இருந்து பொய்கள் கொட்டினாலும் சரி, "லாத்தா, இப்படி ஒரு கதை வந்திருக்கிறதே, உண்மையா?" என்று நமது கதவைத் தட்டிக் கேட்கும் உரிமை அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு இருக்க வேண்டும். அதே உரிமை நமக்கும் அவள் வாசலில் வேண்டும். அந்தப் பழக்கத்தைக் கலவரம் வந்த பிறகு உண்டாக்க முடியாது. இன்று மஃரிபுக்குப் பிறகு கிடைக்கும் அரை மணி நேரத்தில் தொடங்குங்கள்.